ட்ரீம் தியேட்டர் பதினொரு சீடி பெட்டி வாங்கலாமா? (எங்கள் பக்கத்து ஈரத்தில் தாங்குமா என்பதும் கேள்விதான்)

டிக்கோயா_கிட்டார்:

எல்லாருக்கும் வணக்கம். மலையகத்தில் ட்ரீம் தியேட்டர் (அமெரிக்க ப்ரொக்ரெஸிவ் மெட்டல் பேண்ட்) கேட்கிறவர்கள் கொஞ்சப் பேராவது இங்கே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் மாமா மகன் கட்டாரில் வேலை செய்கிறான், அடுத்த மாதம் லீவில் வருகிறான். அவனோடு அறையில் இருந்த ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறாராம், போகும்போது சாமான்களை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். அதில் 'தி ஸ்டூடியோ அல்பம்ஸ் 1992-2011' என்ற பாக்ஸ் செட் ஒன்று இருக்கிறது. 2014இல் வந்தது, பத்து அல்பம், பதினொரு சீடி. போட்டோ அனுப்பினான். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது, மற்றபடி சுத்தம். புதுசு விலையில் பாதிகூட இல்லை, ஆனால் ரூபாயாக மாற்றிப் பார்த்தால் எனக்கு அது சின்னக் காசும் இல்லை.

இதுவரை போனில்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் யூடியூப் எதை முன்னால் தள்ளியதோ அந்த வரிசையில். 'புல் மீ அண்டர்' மனப்பாடம், 'தி டான்ஸ் ஒஃப் எடர்னிட்டி'யை கிட்டாரில் முயற்சி செய்து விரல் சுளுக்கியதுதான் மிச்சம். எந்தப் பாட்டு எந்த அல்பம், எது முந்தியது எது பிந்தியது என்று கேட்டால் முழிப்பேன். வீட்டில் அப்பா வாங்கிய பழைய சீடி செட் ஒன்று இன்னும் ஓடுகிறது.

கேட்க வேண்டியது மூன்று. இந்தப் பெட்டியில் இல்லாதது என்ன? வாங்கினால் எங்கே தொடங்குவது? வீடு காசல்ரீ பக்கம், மே பிறந்தால் சுவரே வியர்க்கும், அலமாரியில் வைத்த சப்பாத்து ஒரு கிழமையில் பச்சை பிடிக்கும், அப்படி இருக்க அட்டை உறையில் வரும் சீடி எத்தனை வருசம் தாங்கும்?

'ஸ்ட்ரீமிங்கில் கேள் மச்சான்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அது எனக்கும் தெரியும்.


பதுளை_பழசு:

தம்பி, என்னிடம் இதே பெட்டி இருக்கிறது, அதனால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது: 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' (1992), 'அவேக்' (1994), 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி' (1997), 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' (1999), 'சிக்ஸ் டிகிரீஸ் ஒஃப் இன்னர் டர்பியூலன்ஸ்' (2002, இது மட்டும் இரண்டு டிஸ்க், அதனால்தான் பத்து அல்பம் பதினொரு சீடி ஆகிறது), 'ட்ரெய்ன் ஒஃப் தோட்' (2003), 'ஒக்டவேரியம்' (2005), 'சிஸ்டமேட்டிக் கேயஸ்' (2007), 'பிளாக் கிளவுட்ஸ் அண்ட் சில்வர் லைனிங்ஸ்' (2009), 'எ டிரமேட்டிக் டர்ன் ஒஃப் ஈவண்ட்ஸ்' (2011).

இல்லாததில் முக்கியமானது முதல் அல்பம். 1989இல் வந்த 'வென் ட்ரீம் அண்ட் டே யுனைட்', ஜேம்ஸ் லாப்ரீ வருவதற்கு முன் சார்லி டொமினிசி பாடியது. அதை ஏன் விட்டார்கள் என்று நிறையப் பேர் இணையத்தில் திட்டுவார்கள், காரணம் இசை இல்லை, கம்பனி. அந்த அல்பம் எம்சிஏ என்ற கம்பனி பக்கத்தில் வந்தது. 1992இலிருந்து அட்கோ, ஈஸ்ட்வெஸ்ட், எலெக்ட்ரா, அட்லான்டிக், கடைசியில் ரோட்ரன்னர் என்று பெயர் மாறிக்கொண்டே போனாலும் எல்லாமே வோர்னர் வீட்டுப் பிள்ளைகள். ஒரே வீட்டில் இருப்பதை ஒரே பெட்டியில் போட்டார்கள், அவ்வளவுதான். 'முழு வாழ்க்கையும் ஒரே பெட்டியில்' என்று விற்பவர் சொன்னால் நம்பாதே. 2013, 2016, 2019, 2021, 2025 என்று பிறகு வந்தவை ஐந்து. மொத்தம் பதினாறில் பத்து உனக்குக் கிடைக்கிறது. அவர்களுக்கு முதல் கிராமி விருது வாங்கிக் கொடுத்த 'தி ஏலியன்' 2021 அல்பத்தில் இருப்பது, அதுவும் இதில் இல்லை.

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்கு. 'எ சேஞ்ச் ஒஃப் சீசன்ஸ்', 1995. இருபத்து மூன்று நிமிடத்தில் ஒரே பாட்டு. அது ஈபி, அதாவது முழு அல்பத்தைவிடச் சின்ன வெளியீடு, என்ற கணக்கில் போய்விட்டதால் 'ஸ்டூடியோ அல்பம்ஸ்' என்ற தலைப்புக்குள் வரவில்லை. ட்ரம்மர் மைக் போர்ட்னோய் தன் அம்மாவை விமான விபத்தில் இழந்ததிலிருந்து பிறந்த பாட்டு அது, இந்த பேண்டைப் புரிந்துகொள்ள அதைத் தவிர்க்கவே முடியாது. தனியாகத் தேடி எடுத்துக்கொள்.

உறைகள் எல்லாம் மெல்லிய அட்டை, அந்தக் காலத்து ரெக்கோர்ட் உறையைச் சின்னதாக்கியது போல. போனஸ் டிஸ்க் எதுவும் கிடையாது, 'பிளாக் கிளவுட்ஸ்'க்கு வந்த மூன்று டிஸ்க் பதிப்பை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். இருந்தாலும் நான் வாங்கு என்றுதான் சொல்வேன். இந்தக் காலத்தில் யார் இவ்வளவையும் ஒன்றாக ஒரு கையில் கொடுக்கிறார்கள்?


கண்டி_எதிர்க்கட்சி:

நான் வேண்டாம் என்பேன். பெயரைப் பார்த்தாலே தெரியும், சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன் :)

பழசு அண்ணன் சொன்ன பட்டியலையே எடுங்கள். புதிதாக ஒரு பாட்டுகூட இல்லை. வெளிவராத டெமோ இல்லை, லைவ் இல்லை. கம்பனிக்காரன் பழைய சரக்கை அட்டைக்குள் போட்டுக் கட்டி விற்றிருக்கிறான். அதோடு பத்தும் ஒரே தரம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி' எடுத்த நேரத்தில் கம்பனி ரேடியோவுக்கு ஏற்ற பாட்டு வேண்டும் என்று நெருக்கி, வெளியிலிருந்து டெஸ்மண்ட் சைல்ட் என்ற பாட்டெழுத்தாளரைக் கூட்டிவந்து ஒரு பாட்டைத் திருத்தச் சொன்னது. 'யூ நொட் மீ' அப்படி வந்தது. கேட்டால் உங்களுக்கே புரியும், அந்தப் பாட்டுக்கு இவர்கள் தேவையே இல்லை. இரட்டை அல்பத்துக்குப் போதுமான பாட்டு கையில் இருந்தும் ஒரு டிஸ்க்தான் விட்டார்கள். 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'இல் பாட்டுகள் தங்கம், ஆனால் ஸ்னேர் ட்ரம் சத்தம் நிஜம் இல்லை, ட்ரிகர் வைத்து சாம்பிள், அதாவது முன்பே பதிந்து வைத்த சத்தம், ஏற்றியது. ஒரு தடவை கவனித்துவிட்டால் பிறகு காதை விட்டுப் போகாது. 'ட்ரெய்ன் ஒஃப் தோட்' சத்தத்தை நசுக்கி நசுக்கித் தட்டையாக்கியது, நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் அரை மணித்தியாலத்தில் தலை வலிக்கும்.

அந்தக் காசுக்கு 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி', 'அவேக்' இரண்டையும் தனித்தனியாக, பாட்டு வரிகள் அச்சிட்ட புத்தகத்தோடு வாங்கு. மிச்சத்தை ஸ்ட்ரீம் செய். ஆமாம், சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன்.


ராகலை_மிருதங்கம்:

எதிர்க்கட்சி அண்ணே, ஸ்னேர் விஷயத்தில் நீங்கள் சரி. ஆனால் ஸ்ட்ரீமிங் பற்றிப் பேசும்போது 2022 மார்ச் மாதக் கடைசியை மறந்துவிட்டீர்கள். பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை, டவரில் பேட்டரி இறங்கியதும் போனில் சிக்னலும் போய்விட்டது. கையில் பைலாக வைத்திருந்தவன் மட்டும்தான் பாட்டுக் கேட்டான். அது ஒரு பக்கம் இருக்கட்டும், தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த கேள்வி அது.

முதலாவது டிஸ்க்கிலிருந்து தொடங்காதே. நான்காவதை எடு, 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'. அங்கிருந்து 'ஒக்டவேரியம்' வரை வெளிவந்த வருச வரிசையில், இடையில் எதையும் விடாமல் போ. இதற்குக் காரணம் இருக்கிறது. 'சீன்ஸ்' கடைசிப் பாட்டு வெறும் இரைச்சலில் முடியும், ரேடியோ ஸ்டேஷன் விட்டுப்போனால் வருமே அந்த மாதிரி. அடுத்த அல்பமான 'சிக்ஸ் டிகிரீஸ்' அதே இரைச்சலில் தொடங்கும். 'சிக்ஸ் டிகிரீஸ்' முடிவில் ஒரு கோர்டை (பல சுரம் சேர்ந்த ஒலியை) நீளமாகப் பிடித்துக்கொண்டே போவார்கள், 'ட்ரெய்ன் ஒஃப் தோட்' அதை வாங்கிக்கொண்டு தொடங்கும். அதன் கடைசியில் பியானோவில் ஒற்றைச் சுரம், 'ஒக்டவேரியம்' அந்தச் சுரத்திலிருந்து எழும்பும். அதோடு சங்கிலியைப் பூட்டிவிட்டார்கள், 'ஒக்டவேரியம்' தான் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது. பதுளைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, தெமோதரையில் ரயில் சுற்றி வந்து தான் நின்ற ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் நுழைகிறதே, அதேதான்.

இதை யூடியூபில் யார் கவனிப்பது? இடையில் ஷாம்பு விளம்பரம் வரும். பாக்ஸ் செட்டுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்று நான் நினைப்பதே இந்த நான்கு அல்பங்களும் பக்கத்துப் பக்கத்தில் கையில் இருப்பதற்காகத்தான்.

இப்போது தாளம். நீ 'டான்ஸ் ஒஃப் எடர்னிட்டி'யில் விரலைச் சுளுக்கிக்கொண்டதற்குக் காரணம் நீ ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவதுதான் என்று நினைக்கிறேன். ஆறு நிமிடப் பாட்டுக்குள் நூறு தடவைக்கு மேல் கணக்கு மாறுகிறது, எண்ணிக்கொண்டு அதன் பின்னால் ஓட முடியாது. சொல்லிப் பார். ஏழு வந்தால் தகிட தகதிமி. ஐந்து வந்தால் தக தகிட. வாய்க்கு வந்துவிட்டால் கை தானாக வரும். கோயிலில் தவில் வாசிப்பவர் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக்காட்டு, அவர் முதல் தடவையே தொடையில் தட்டிக் கண்டுபிடிப்பார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, இதில்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். நம் கச்சேரியில் தாளம் நகராது, உள்ளே கோர்வை எவ்வளவு அலைந்தாலும் கடைசியில் சமத்தில், தாளம் தொடங்கும் தட்டில், வந்து விழ வேண்டும். இவர்கள் தாளத்தையே கழற்றி மாட்டிக்கொண்டே போகிறார்கள். காத்திருந்தால் சமம் வரும் என்று உட்கார்ந்தால் வராது. அது ஒரு வகை அநியாயம், எனக்கு அந்த அநியாயம் பிடிக்கும்.

'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி'யையும் அப்படித் தூக்கி எறியாதீர்கள் அண்ணே. டெரெக் ஷெரினியன் கீபோர்ட் வாசித்த ஒரே முழு அல்பம் அது. கெவின் மூர் போய், ஜோர்டன் ரூடெஸ் வருவதற்கு இடையில் பேண்ட் வேறு எந்தப் பக்கம் போயிருக்கலாம் என்று அதில் தெரிகிறது. 'ட்ரையல் ஒஃப் டியர்ஸ்' மட்டும் போட்டுப் பாருங்கள்.


கண்டி_எதிர்க்கட்சி:

'ட்ரையல் ஒஃப் டியர்ஸ்' சரி. 'யூ நொட் மீ' இன்னும் இல்லை. சங்கிலி விஷயம் தெரியும், ஆனால் அதற்கு நான்கு அல்பம் போதுமே, எதற்குப் பதினொரு டிஸ்க்?


நானுஓயா_பனி:

சண்டை முடிந்ததா? மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. நுவரெலியாப் பக்கம் சீடி வைத்திருப்பவனுக்கு அதுதான் முதல் கேள்வி.

பூஞ்சணம் நிச்சயம் பிடிக்கும், ஆனால் முதலில் அட்டையில்தான். சீடி பிளாஸ்டிக், அதன் மேல் படிந்ததைக் கழுவிவிடலாம். மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்ற நாட்டில் சீடியையே தின்கிற பூஞ்சணத்தைக் கண்டுபிடித்ததாக 2001இல் செய்தி வந்தது, நம் ஊரில் அதுவரை போக வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது லேபல் பக்கத்துக்கு. எல்லாரும் கண்ணாடி போல் மின்னும் கீழ்ப் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள், அந்தப் பக்கம் தடித்த பிளாஸ்டிக். அலுமினியப் படலம் இருப்பது லேபலுக்குக் கீழே, மேலே மெல்லிய வார்னிஷும் மையும் மட்டும். அந்தப் பக்கத்தில் ஆழமாகக் கீறினாலோ ஓரத்தால் ஈரம் இறங்கினாலோ படலம் போய்விடும், பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். அட்டைக்குள் சீடியை வெறுமனே செருக மாட்டேன். வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அட்டை உரசும், மழைக்காலத்தில் அட்டை ஊதி இன்னும் இறுகும். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உள் உறை போட்டு, அட்டைக்கு வெளியே பொலிப்ரொப்பிலீன் உறை ஒன்று. பிவிசி உறை வேண்டவே வேண்டாம், அது காலப்போக்கில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு மொத்தப் பெட்டியையும் ரப்பர் விளிம்பு வைத்த மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் வைத்து, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் ஒரு பை. நிறம் மாறினால் மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். டப்பாவை மூடுவதும் நல்ல வெயில் நாளில் செய், மழை நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டுகிறாய்.

வெளிச் சுவரில் ஒட்டிய அலமாரி வேண்டாம், லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு) என்றால் நடுச் சுவர்ப் பக்கம் வை. அடுப்புக்கு மேல் பரணில் காய்ந்து இருக்கும் என்று சிலர் வைப்பார்கள், புகை எண்ணெய் மாதிரிப் படியும். கழுவினால் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடை. வட்டமாகத் துடைக்காதே. நேர்க் கீறலை பிளேயர் சமாளித்துவிடும், பதிவு ஓடும் வழியே வட்டமாகக் கீறல் விழுந்தால் திணறும்.

எல்லாவற்றுக்கும் முதல், வந்த கிழமையே பதினொன்றையும் கொம்பியூட்டரில் ஏற்றிவிடு. எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற இலவச மென்பொருள், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவம். மொத்தம் ஐந்து ஜிபி அளவில் வரும், ஒரு மெமரி கார்டில் அடங்கும். எம்பி3 வேண்டாம் என்பதற்கு இங்கே தனிக் காரணம் இருக்கிறது. 'சீன்ஸ்' முழுக்கவும், 'சிக்ஸ் டிகிரீஸ்' இரண்டாவது டிஸ்க்கின் நாற்பத்திரண்டு நிமிடமும், பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஒழுகிப் போகும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு பைல் முனையிலும் துளி அமைதி சேரும், சில பிளேயர் அதை அப்படியே வாசிக்கும், சரியான இடத்தில் தடக்கென்று விக்கும். ஃப்ளாக்கில் அந்தத் தொல்லை இல்லை, பிளேயரில் மட்டும் இடைவெளி இல்லாமல் வாசிக்கும் வசதி இருக்க வேண்டும்.

ஊவாப் பக்கத்து அண்ணனுக்கு இவ்வளவும் தேவைப்படாது, அவருக்கு ஜூன் ஜூலையில் காய்ந்து கிடக்கும்.


பதுளை_பழசு:

ஜூன் ஜூலை சரி. டிசம்பரில் வந்து பார், எங்கள் மழை அப்போது. நான் பழைய அலமாரியில் சின்ன பல்ப் ஒன்று எரியவிட்டு வைத்திருக்கிறேன், போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் அந்தக் காலத்தில் கமெராவுக்குச் செய்தது. கரண்ட் பில்லைப் பார்த்து வீட்டில் பேச்சு விழும், அது வேறு விஷயம்.


கொட்டகலை_இரவுரயில்:

எதிர்க்கட்சி கேட்டாரே, எதற்குப் பதினொரு டிஸ்க் என்று. ராகலைக்காரர் சொன்ன சங்கிலி ஒன்று. அதற்குள்ளேயே இன்னொரு சங்கிலி இருக்கிறது, அது 'ஒக்டவேரியம்' தாண்டியும் போகிறது.

போர்ட்னோய் குடியை விட்டவர். குடியை விட்டவர்கள் ஒன்றுகூடும் ஆல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் அமைப்பில் பன்னிரண்டு படிகள் உண்டு. அதை அவர் ஐந்து அல்பங்களில் ஐந்து பாட்டாகப் பிரித்து எழுதினார். 2002இல் 'தி கிளாஸ் ப்ரிஸன்' முதல் மூன்று படி, 2003இல் 'திஸ் டையிங் சோல்', 2005இல் 'தி ரூட் ஒஃப் ஓல் ஈவில்', 2007இல் 'ரிபென்டன்ஸ்', 2009இல் 'தி ஷட்டர்ட் ஃபோர்ட்ரஸ்' பத்திலிருந்து பன்னிரண்டு. முந்திய பாட்டின் மெட்டும் வரியும் பிந்தியதில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ஐந்தையும் சேர்த்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். முடித்த அடுத்த வருசம், 2010 செப்டம்பரில் அவர் பேண்டை விட்டே போனார். 2023 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தார்.

சம்பள நாள் இரவில் லயத்தில் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஐந்து பாட்டும் வேறு மாதிரிக் கேட்கும். மெட்டல் பேண்டுகள் போதையைப் பற்றி நிறையப் பாடியிருக்கின்றன, அதிகமும் வீரம் மாதிரி. 'ரிபென்டன்ஸ்' அப்படி இல்லை. எட்டாவது ஒன்பதாவது படி, கெடுதல் செய்தவர்களின் பெயரை எழுதி வைத்து ஒவ்வொருவரிடமாகப் போய் நிற்பது. மெதுவான பாட்டு, நடுவில் வேறு வேறு இசைக்கலைஞர்கள் தங்கள் குரலில் மன்னிப்புக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், இங்கிலீஷ் பாட்டே கேட்காதவர், அந்த இடம் வந்ததும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். திரும்பப் போடச் சொன்னார்.

இந்த ஐந்தும் பெட்டியில் இருக்கிறது. 1999 தொடங்கி 2009 வரை ஏழு டிஸ்க் ஒரே மூச்சில் கேட்க வேண்டியவை என்று நான் கணக்குப் பார்க்கிறேன். மிச்சம் நான்கு, சும்மா கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.


ராகலை_மிருதங்கம்:

'அவேக்'கைச் சும்மா கிடைத்த கணக்கில் சேர்த்துவிட்டீர்களே! மூர் போகிற நேரத்தில் வைத்துவிட்டுப் போன 'ஸ்பேஸ் டை வெஸ்ட்' அதில்தான் கடைசிப் பாட்டு. இது பெரிய பாவம்.


கொட்டகலை_இரவுரயில்:

சரி, 'அவேக்'கை வெளியே எடுத்துவிட்டேன். மிச்சம் மூன்று.


டிக்கோயா_கிட்டார்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மாமா மகனிடம் பேசிவிட்டேன், வாங்கச் சொல்லிவிட்டேன். காசு கொடுப்பதற்கு முதல் பதினொரு டிஸ்க்கையும் வெளியே எடுத்து லேபல் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன், ஊசி முனை அளவு ஓட்டை தெரிந்தால் அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்று. 'சிக்ஸ் டிகிரீஸ்' இரண்டும் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டேன், இருக்கிறது. பெட்டியை லக்கேஜில் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், மூலை ஏற்கெனவே நசுங்கியது போதும்.

நானுஓயா அண்ணே, பொலிப்ரொப்பிலீன் உறை ஹட்டன் டவுனில் கிடைக்குமா, இல்லை கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டுமா? ராகலை அண்ணே, தகிட தகதிமி சொல்லிப் பார்த்தேன், அம்மா அடுப்படியிலிருந்து யாருடா வந்திருக்கிறது என்று கேட்கிறார்.


நானுஓயா_பனி:

புத்தகக் கடையில் பிளாஸ்டிக் உறை என்று கேட்டால் இரண்டு வகையும் கலந்து கொடுப்பார்கள். கையில் எடுத்துக் கசக்கிப் பார். சலசலவென்று சத்தம் போட்டால் எடு, ரப்பர் மாதிரி வளைந்து மணமும் அடித்தால் அது பிவிசி, வைத்துவிடு. அளவு மட்டும் சரியாகக் கிடைக்காது, கொஞ்சம் பெரிதாக வாங்கி மடித்துக்கொள்.


கண்டி_எதிர்க்கட்சி:

வாங்கியாயிற்றா? சரி, வாழ்த்துகள். கண்டிக்கு வரும்போது 'ட்ரெய்ன் ஒஃப் தோட்' கொண்டுவா, என் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுகிறேன், தலை வலிக்கிறதா இல்லையா என்று நீயே வந்து இங்கே எழுது. 'அவேக்'கையும் பைக்குள் போட்டுக்கொள். என்னிடம் இருந்ததை ஒருவர் இரவல் வாங்கிப் போய் இன்னும் திருப்பித் தரவில்லை.